யானை பார்க்க எவ்வளவு முடியும்?

தரம் ஒன்பதில் புவியியற் பாடம். ஆபிரிக்காவின் சவன்னாப் புல்வெளிகளைப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அங்க போய் ஒரு சிங்கத்தைப் பார்த்திட்டு வர எவ்வளவு முடியும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் விடை எனக்கும் தெரியாது.

கொழும்புத்துறையில் உள்ள வீட்டுக்குப் போய், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு இருந்தேன். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கான நுழைவுக் கட்டணம், 2024ஆம் ஆண்டு கொண்டுவந்த முறையின்படி, சனவரி முதல் யூன் வரை 100 டொலர். யூலை முதல் டிசம்பர் வரை 200 டொலர். பெரியவர்கள் நான்கு பேர் மூன்று நாள் நின்றால், வாசலில் மட்டும் ஓகஸ்டில் 2,400 டொலர். அதே நால்வர் பெப்ரவரியில் போனால் 1,200. விமானச் சீட்டு, பயண அனுமதி, தங்குமிடம், வாகனம், மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் இதற்கு மேலே. தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால் கென்யாவிலிருந்து திரும்பி வரும்போது எங்கள் நாட்டு விமான நிலையத்திலேயே சிக்கல் வரும்.

இந்தக் கணக்கில் என் கண்ணைப் பிடித்தது பெரிய தொகை அல்ல, அந்தப் பாதி. ஒரே காடு, ஒரே சிங்கம், மாதம் மாறினால் விலை பாதி. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் செரங்கெட்டிப் புல்வெளியிலிருந்து மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை உலகமே பார்க்க வருவது யூலையிலிருந்து ஒக்ரோபர் வரை. அந்தக் காட்சிக்குத்தான் மற்றப் பாதி விலை. ஆறு கடப்பதைப் பார்க்கத் தேவையில்லை, யானையும் சிங்கமும் போதும் என்பவருக்கு அந்த 1,200 டொலர் வீண். தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் இன்னொரு வழி உண்டு. அங்கே சாதாரண வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம். வழிகாட்டியும் ஜீப்பும் வேண்டியதில்லை. எங்கள் வட மாகாணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய அந்தப் பூங்காவில் பெரும்பாலான வீதிகள் தார் வீதிகளும் நல்ல கிரவல் வீதிகளும்.

அடுத்த நாள் இதை வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட பிள்ளை யோசித்துவிட்டு, "அப்ப எங்கட நாட்டில?" என்றாள். இன்னொருத்தி, "சபாரி எண்டது எங்கட ஸபர் தானே ரீச்சர்?" என்று கேட்டாள். அதுவும் உண்மைதான். பிரயாணம் என்று பொருள்படும் அந்த அரபுச் சொல்லே சுவாகிலி மொழிக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, கடைசியில் ஜீப்பில் ஏறிக் காடு பார்ப்பதற்குப் பெயராயிற்று.

எங்கள் நாட்டுக் கணக்கைச் சொல்வதற்கு முன் என் பிழையைச் சொல்லவேண்டும்.

முதல் தடவை நாங்கள் வில்பத்துவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனது ஒரு டிசம்பர் விடுமுறையில். எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவர் விலை சொன்னார். நாங்களும் நல்லதென்று ஒத்துக்கொண்டோம். பெயர் கொடுத்தவர்கள் 38 பிள்ளைகள். காசு கட்டவேண்டிய நாளில் 26 பேர் மட்டுமே கட்டினார்கள். மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது ஒருத்திக்கு வீட்டில் கலியாணம், ஒருத்திக்குப் பஸ்ஸில் தலைசுற்று. ஒருத்தி என் முகத்தைப் பாராமலே, "எனக்கு ஆனை எண்டாப் பயம் ரீச்சர், நான் வரேல்ல" என்றாள். யானைக்குப் பயப்படுகிறவள் எதற்காகப் பெயர் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வி அது.

போன இடத்தில் மழை. வில்லுகள் நிரம்பி வழிந்தன. தண்ணீர் எங்கும் கிடக்கும்போது மிருகங்கள் வில்லுக்கு வரவேண்டிய தேவை இல்லை. காட்டுக்குள் சிதறி நின்றுவிடும். ஜீப்புகள் பிந்தி வந்தன. நான்கு மணித்தியாலம் என்று நாங்கள் நினைத்த சுற்று இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்தது. கேட்டால், எத்தனை மணித்தியாலம் என்று யாரும் பேசவில்லையாம். உண்மைதான், நாங்கள் பேசவில்லை. மயில், மான், ஒரு முதலை. அவ்வளவுதான். அந்த ஆளை நான் குறை சொல்லப்போவதில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கியது நாங்கள்.

அதற்குப் பிறகுதான் செலவைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். காடு பார்க்கப் போகும் செலவு நான்கு துண்டு: ஊரிலிருந்து வாசல்வரை போக்குவரத்து, இரவு தங்குவது, வாசலில் கட்டும் ரிக்கற், உள்ளே கொண்டுபோகும் ஜீப். எங்களில் பலர் ரிக்கற் விலையைத்தான் விசாரிப்போம். இலங்கையர்களுக்கு அதுதான் ஆகச் சிறிய துண்டு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இலங்கையரிடம் ரூபாயில் வாங்குவது சிறு தொகை. ஆளுக்கான ரிக்கற்றோடு ஒரு குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒரு கட்டணம், வரி என்பன சேரும். அதையெல்லாம் கூட்டினாலும் ஜீப் வாடகைக்குக் கிட்டவும் வராது. ஆகவே மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் ஜீப்பும் பஸ்ஸும்தான்.

ஜீப் வாடகை ஆளுக்கல்ல, வண்டிக்கு. ஒரு ஜீப்பில் ஆறு பேர் வசதியாக இருக்கலாம். இரண்டு பேர் போனாலும் அதே காசு, ஆறு பேர் போனாலும் அதே காசு. தாய், தகப்பன், ஒரு பிள்ளை என்று போகிற குடும்பம் இன்னொரு மூன்று பேர்க் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் ஜீப் செலவு சரிபாதி. வாசலில் வந்து நிற்கும் தெரியாத குடும்பத்தோடு சேருவதற்கு எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் ஊரிலிருந்தே ஆறு பேராய்க் கிளம்புவது நல்லது.

பாடசாலைக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். இரண்டாவது தடவை 34 பிள்ளைகளும் 4 ஆசிரியர்களுமாக 38 பேர் சேர்ந்தோம். ஆறால் பிரித்தால் ஆறு ஜீப் போதாது, ஏழு வேண்டும். ஏழு ஜீப் என்றால் 42 இடம். அதாவது நான்கு இடங்களுக்கு நாங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, ஆள்தான் இல்லை. ஊரிலிருந்து போன பஸ்ஸிலும் இடம் இருந்தது, அதுவும் ஆளுக்கல்ல, பயணத்துக்குப் பேசிய வாடகை. ஆகவே இன்னும் நான்கு பிள்ளைகளை ஏற்றினால் கூடும் செலவு நான்கு ரிக்கற்றும் நான்கு சாப்பாடும் மாத்திரம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். யாருக்கும் தருமம் செய்கிறோம் என்ற பேச்சே எழவில்லை. வெறுமையாக ஓடப்போகிற இடம், அவ்வளவுதான். அந்த நால்வருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் எவர் எவ்வளவு கட்டினார் என்று தெரியாது. வகுப்பாசிரியரிடம் மட்டும் பட்டியல் இருந்தது.

எப்போது போவது என்பது அடுத்தது. வில்பத்து 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1,317 சதுர கிலோமீற்றர். போர் காரணமாக 1988இல் மூடி, 2003இல் திறந்து, மறுபடி 2006இல் மூடி, 2010இல் திறந்தார்கள். மழைநீர் தேங்கும் இயற்கையான பள்ளக்குளங்களை வில்லு என்பார்கள். பூங்காவின் பெயருக்குள்ளேயே அது இருக்கிறது. மே தொடங்கி செப்ரெம்பர் வரை அந்தப் பக்கம் வறட்சி. வில்லுகள் சுருங்கச் சுருங்க மிருகங்கள் அவற்றைத் தேடி வரும். அதிலும் யூன், யூலை பாலைப்பழக் காலம். வன்னி வீதியோரங்களில் பழம் விற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பழத்துக்காகக் கரடி மரத்தில் ஏறும். மற்ற மாதங்களில் காணக் கிடைக்காத கரடியை அப்போது பகலிலே பார்க்கலாம். டிசம்பர், சனவரி வெளிநாட்டார் நாட்டுக்கு நிறைய வருகிற காலம். ஜீப்காரரிடம் விலை பேசுவது கடினம். ஆக நாங்கள் முதல் முறை போனது மிருகம் குறைந்த, பேரம் நடக்காத மாதத்தில். இரண்டாவது தடவை யூன் மாதத்து ஒரு சனிக்கிழமையைத் தெரிவுசெய்தோம். ஞாயிறும் போயா விடுமுறையும் தவிர்க்கவேண்டிய நாட்கள், உள்ளூர்க் கூட்டம் நிறைந்துவிடும். சனியும் அவ்வளவு நல்லதல்ல; பாடசாலைக்கு வேறு வழியில்லை.

யானை மட்டும் பார்த்தால் போதும் என்றால் மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளம் வற்றும்போது, யூலை முதல் ஒக்ரோபர் வரையில், குளத்தின் படுகையில் முளைக்கும் பசும்புல்லுக்காக நூற்றுக்கணக்கான யானைகள் ஒன்றுகூடும். ஓகஸ்ட் விடுமுறைக்குப் பொருந்துகிறது. ஆனால் குளத்தில் தண்ணீர் வற்றாத வருடங்களில் புல்லும் இல்லை, யானையும் குறைவு. அவை பக்கத்தில் உள்ள கவுடுல்லைக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். மூன்று இடத்துக்கும் ஜீப் புறப்படுவது ஹபரணையைச் சுற்றித்தான். ஆகவே "மின்னேரியா" என்று முன்கூட்டியே காசு கட்டிவிடாமல், "யானை நிற்கிற இடம்" என்று பேசிக்கொள்ளுங்கள். யால எங்களுக்குத் தூரம். நாட்டைக் குறுக்கே கடந்து இரண்டு இரவு தங்கவேண்டும். சிறுத்தைக்குப் பெயர்போன இடம் என்பது சரி, ஆனால் ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது ஜீப் நிற்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பது என் எண்ணம். தவிரவும், வறட்சி கடுமையான செப்ரெம்பர் வாக்கில் அதன் பிரதான பகுதியைச் சில வாரங்கள் மூடிவிடுவது வழக்கம்.

குடும்பமாகப் போகிறவர்கள் வான் பிடிக்கமுன் புகையிரதத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறினால் அனுராதபுரத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஹுனுவிலகம வாசலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். வான் வாடகையில் பெரும்பகுதி யாழ்ப்பாணம்–அனுராதபுரம் ஓட்டத்துக்கும், இரவு சாரதியைத் தங்கவைப்பதற்கும் போவது. அந்தப் பகுதியைப் புகையிரதச் சீட்டால் மாற்றிவிடலாம். பிள்ளைகளுக்கு யன்னல் பக்கம் இருந்தால் ஆனையிறவையும் காட்டலாம். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளைக் கடலேரியின் ஆழமற்ற இடத்தால் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்த வழி அது. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்றே அழைத்தார்கள். அங்கிருந்து யானைகள் இந்தியாவுக்குக் கப்பலேறின. அந்த யானைகளைப் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள் பணிக்கர் என்னும் முஸ்லிம்கள். எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில், வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள ஊர்களில் வாழ்ந்த இவர்கள் தோற்கயிற்றால் காட்டு யானையின் காலில் சுருக்கிட்டுப் பிடிக்கும் துணிச்சலைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப எங்கட ஆக்கள் ரிக்கற் இல்லாமலே சபாரி போயிருக்கினம்" என்றாள்.

இரவு தங்கும் செலவுக்கு உங்கள் குடும்பங்களிற் பலவற்றுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 1990க்குப் பிறகு புத்தளத்தில் வாழ்ந்து, இன்னும் அங்கே சாச்சியோ மாமியோ இருக்கிற வீடுகள் அநேகம். புத்தளத்துக்கு வடக்கே எலுவன்குளத்தில் பூங்காவுக்கு இன்னொரு வாசல் உண்டு. எல்லோரும் ஹுனுவிலகமவுக்கே ஓடுகிறார்கள். உறவு வீட்டில் இரவு நின்று, விடியப்புறம் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு எலுவன்குளம் போனால் விடுதிச் செலவே இல்லை. ஜீப் அங்கே குறைவு என்பதால், உறவினரைக்கொண்டு முன்னரே பேசி வைக்கவேண்டும். பெரிய குடும்பம் என்றால் திணைக்களத்தின் பங்களாக்களும் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன. முழுப் பங்களாவையும் ஒரு குழுவுக்குக் கொடுப்பார்கள். சமையற்காரர் இருப்பார், அரிசி, மரக்கறி, மீன் நாங்கள் கொண்டுபோகவேண்டும். எட்டுப் பத்துப் பேர் பகிர்ந்தால் விடுதியைவிட மலிவு. விடுமுறைக் காலத்துக்கு இணையத்தளத்தில் பதிவு திறந்ததுமே முடிந்துவிடும்.

பாடசாலைக் குழு அறிந்த வேறொரு பாடசாலையின் மண்டபத்தில் தங்குவது எங்கள் நாட்டில் பழைய வழக்கம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். பாய், தலையணை, நுளம்புத்திரி எங்களுடையவை. சுற்றுலாவுக்கு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி எடுக்கும்போதே, பூங்காப் பொறுப்பதிகாரிக்கும் அதிபரின் கடிதம் ஒன்று அனுப்பி, மாணவருக்குச் சலுகை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு முத்திரைச் செலவுதான்.

வெளிநாட்டிலிருந்து மாமா, பெரியம்மா வரும்போது சேர்த்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும். வாசலில் பார்ப்பது முகத்தையோ பேச்சையோ அல்ல, கடவுச்சீட்டை. கனடாக் கடவுச்சீட்டு என்றால் டொலர்க் கணக்கில் கட்டணம், நீங்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தாலும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவரட்டும். ஆறு பேரில் இரண்டு பேர் வெளிநாட்டார் என்றால் இரண்டு பேருக்கு மட்டுமே அந்தக் கட்டணம், ஜீப் முழுவதற்கும் அல்ல. இதைத் தெரியாமல் எல்லோருக்குமாகக் கொடுத்துவிட்டு வந்தவர்களை அறிவேன். "பேசாமல் இரு மாமா, உள்ளூர் ஆளெண்டு சொல்லுவம்" என்ற யோசனை மட்டும் வேண்டாம். பிள்ளைகளுக்கு முன்னால் பொய் சொல்லிப் பிடிபடுவதைவிடக் கட்டணம் மலிவு.

ஜீப் பேசும்போது என்ன கேட்கவேண்டும் என்று முதல் பயணத்தின் பின் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எத்தனை மணிக்கு வாசலில் நிற்பீர்கள், எத்தனை மணித்தியாலம் உள்ளே, இந்த விலைக்குள் ரிக்கற் உண்டா இல்லையா, ஒரு ஜீப்பில் எத்தனை பேர், ஜீப் பழுதானால் வேறு வருமா. பதிலைக் கைத்தொலைபேசியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முற்பணம் சிறிதாக, மிச்சம் வெளியே வந்த பிறகு. இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், வாசலடியில் ஓடும் ஜீப்காரரிடம் நேரே கேட்பது இடையில் இன்னொருவர் கைமாற்றும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கும். அரைநாள் என்றால் காலையே நல்லது. பத்து மணி வெயிலுக்குப் பிறகு மிருகங்கள் நிழலுக்குப் போய்விடும்; முழுநாளுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசில் பாதி வெறும் மரங்களைப் பார்க்கத்தான். உள்ளே கழிப்பறையும் அரிது. பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் ஒரு காரணமாக எடுக்கவேண்டும்.

சாப்பாட்டை நாங்களே கொண்டுபோனோம், பொலித்தீன் உள்ளே கொண்டுபோகக் கூடாதென்பதால் எல்லாம் எவர்சில்வர் பெட்டியில். தண்ணீர் போத்தலும் வீட்டுப் போத்தல்தான்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் உண்டு. பிரேக் சரியில்லாத, இருக்கை ஆடுகிற ஜீப்பை மலிவென்று எடுக்கவேண்டாம். வழிகாட்டி தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். பாதையை விட்டு இறங்கி மிருகத்துக்குக் கிட்டப் போனால் மேலே காசு தருகிறோம் என்று சாரதியை ஏவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டத்துக்கும் மாறு, குட்டியோடு நிற்கிற யானைக்கு முன்னால் ஆபத்தும்கூட. நன்றாகக் காட்டிய வழிகாட்டிக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதற்கு முன்னரே ஒதுக்கி வையுங்கள். வரவுசெலவில் அதை எழுதாதவர்கள் கடைசியில் பிள்ளைகளிடம் பத்து ரூபாய், இருபது ரூபாய் சேர்க்கிறார்கள்.

இதுவும் முடியாது என்கிற வீட்டுக்கு, பஸ் காசு மட்டும் போதுமான காடுகளும் இருக்கின்றன. தனங்கிளப்புப் பக்கம் மாரி முடிந்ததும் கடலேரியில் பூநாரைகள் இறங்கும். சுண்டிக்குளம் 1938இலிருந்தே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவாயிற்று. நெடுந்தீவில் குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போனால் ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படும் காட்டுக்குதிரைகள். எனக்கென்றால் கொழும்புத்துறை இறங்குதுறையே போதும். விடிய ஆறு மணிக்குக் கொக்கும் நாரையும் சேற்றில் நடப்பதைப் பார்க்க யாரும் ரிக்கற் கேட்பதில்லை.

யூன் மாதப் பயணத்தில் ஏழாவது ஜீப்பில் நான் இருந்தேன். எனக்கு எதிரே, யானைக்குப் பயமென்று முதல்முறை வராமல் நின்ற பிள்ளை. ஏழரை மணியளவில் வழிகாட்டி கையை உயர்த்தினார். ஜீப் நின்றது. வீதியோரத்துப் பாலைமரத்தில், கவட்டில் குந்தியிருந்து, கரடி ஒன்று கொப்பை வளைத்துப் பழம் தின்றுகொண்டிருந்தது. ஜீப்புக்குள் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு அது பின்காலை முதலில் வைத்து, ஒரு கிழவர் ஏணியால் இறங்குவதுபோல மெல்ல இறங்கிக் காட்டுக்குள் போயிற்று.

யானையும் அன்று கண்டோம், ஒன்றே ஒன்று, வில்லுக்கு அந்தப் பக்கத்தில், தூரத்தில். அவள் ஜீப்பின் கம்பியைப் பிடித்து எழும்பி நின்று பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகேலாதா ரீச்சர்?" என்றாள்.